நீ ஆரின்ரை பிள்ளை?

ஜெர்மனியில் கொலோன் நகருக்கு வெளியே உள்ள எங்கள் சிற்றூரின் பழைய குடும்பங்களைப் பற்றி ஒரு புத்தகம் தயாராகிறது. அதற்காகத் தேவாலய மண்டபத்தில் எல்லோரும் பழைய படங்களைப் பரப்பியிருந்தார்கள். ஹில்டா என்ற முதியவர் என் மகளை நிறுத்தி, "நீ யாருடைய பிள்ளை?" என்று ஜெர்மன் மொழியில் கேட்டார்.

எனக்குச் சைக்கிள் டியூப் ஒட்டும் பசை மணத்தது. சின்ன வயதில், யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கை தெருவில் சேரும் முகப்பில் சண்முகம் மாமாவின் சைக்கிள் கடை இருந்தது. பதில் சொல்லாமல் அவரைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போக முடியாது.

"நீ ஆரின்ரை பிள்ளை?"

"கந்தையான்ரை மகள்."

"எந்தக் கந்தையா? சுருட்டுக் கந்தையாவோ, கிணத்தடிக் கந்தையாவோ?"

"கிணத்தடி, மாமா."

தெரிந்துகொண்டேதான் தினமும் கேட்பார். சைக்கிள் சில்லைச் சுழற்றியபடி அப்பாவின் மாமன், அந்த மாமனின் மச்சாள் என்று ஊரெல்லாம் சுற்றி, கடைசியில் தன் வீட்டுக்கே வந்து சேருவார். "அப்ப நீ எனக்கு மருமகள் முறை." பிறகு ஒரு துண்டு பனங்கட்டி கிடைக்கும். பின்னால் வரும் பிள்ளைக்கும் அதே முறை, அதே பனங்கட்டி.

"நாங்கள் பழைய ஆலைக்காரர் வீட்டில் இருக்கிறோம்" என்றாள் என் மகள் ஹில்டாவிடம்.

ஹில்டா அந்த வீட்டின் படத்தைத் தேடி எடுத்தார். வாசற்படியில் சிறுமியாக அவரே உட்கார்ந்திருந்தார். "அப்படியென்றால் நீ எங்கள் வீட்டுப் பிள்ளை" என்று சிரித்துக்கொண்டே பிஸ்கட்டை நீட்டினார்.

"அம்மா, இவ எனக்கு என்ன முறை?"

"அம்மம்மா முறை" என்றேன், சண்முகம் மாமாவைப் போலவே, கொஞ்சமும் யோசிக்காமல்.