நீல ஒயர் கட்டிய தூக்கு

பேய், பிசாசு, தரிசனம் எதையும் நம்புகிற ஆள் இல்லை நான். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவேன், ஆனால் யாராவது சாட்சி சொல்லும்போது தேவதூதன் வந்தான் என்று ஆரம்பித்தால் மனதுக்குள் சிரித்துக்கொள்வேன். மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கிறவன், எதற்கும் ஆதாரம் கேட்டே பழகியவன். அதனால் நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை.

போன மழைக்காலத்தில் என் மகள் ஜெனிக்கு டெங்கு. தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஐசியூவில் இருந்தாள். மனைவி ஸ்டெல்லாவும் காய்ச்சலில் வீட்டில் படுத்துவிட்டதால் வெளியே நாற்காலியில் நான் ஒருவன்தான். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போகிறது என்றார்கள். ஜெபம் பண்ணலாம் என்றால் வார்த்தை வரவில்லை, கண்ணை மூடினால் அவள் போய்விடுவாள் என்று ஒரு பயம், அதனால் மூடவேயில்லை, சாப்பிடவும் இல்லை.

மத்தியானம் ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என் வயதுதான் இருக்கும். ஒரு கையில் ஹெல்மெட், இன்னொரு கையில் எவர்சில்வர் தூக்கு. அதன் கைப்பிடி ஒரு பக்கம் கழன்று நீல ஒயரால் கட்டியிருந்தது.

"சாப்டீங்களா சார்?"

"வேணாங்க."

"நீங்க விழுந்துட்டா பாப்பாவ யாரு பாக்கறது? பூண்டுக் கஞ்சிதான், குடிங்க."

குடித்தேன். "கொஞ்சம் தூங்குங்க. நான் முழிச்சினு இருக்கேன்" என்றார். சர்ச்சில் நோயாளிகளைப் பார்க்கப் போகிற குழுவிலிருந்து அனுப்பியிருப்பார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன், பெயர்கூடக் கேட்கவில்லை. உள்ளே மகளை வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத மனிதரை நம்பி எப்படித் தூங்கினேனோ தெரியாது. நர்ஸ் எழுப்பினபோது சாயங்காலம் ஆகியிருந்தது.

"சார், கவுண்ட் ஏற ஆரம்பிச்சிடுச்சு."

பக்கத்து நாற்காலியில் தூக்கு மட்டும் இருந்தது.

ஜெனி வீடு திரும்பியதும் தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு பாஸ்டரிடம் போனேன். அவர் சிரித்தார். "நம்ம விசிட்டிங் குரூப்ல எல்லாம் அக்காங்கதான் பிரதர், ஆம்பளைங்க எவனும் வரமாட்டேங்கறான். நீங்க வாங்களேன்."

வருகிறேன் என்றேன். போகவில்லை. அந்த டெட்டால் வாசனை வருகிற இடத்துக்குத் திரும்பப் போக மனம் வரவில்லை. தூக்கு எங்கள் சமையலறை மேல்தட்டுக்குப் போய்விட்டது.

பொங்கல் முடிந்து ஒரு சனிக்கிழமை. தாம்பரம் மார்க்கெட்டில், நான் பார்த்தே இராத ஒரு மீன்காரம்மா கூப்பிட்டாள். "இன்னா சார், கண்டுக்காமப் போற?"

"என்னையாம்மா?"

"பின்ன? போகியன்னிக்கி எம்புள்ள மூச்சு வுட முடியாம ஆஸ்பத்திரில கெடந்தப்போ, மத்தியானம் கஞ்சி எட்த்தாந்து குட்த்தியே. நீ தூங்கும்மா, நான் முழிச்சினு கீறேன்னு சொன்னியே!"

"நான் இல்லம்மா. வேற யாராவது இருக்கும்."

அவள் பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்தாள். "பாத்தியாடி, செஞ்சிட்டு இல்லன்றாரு! எப்பனா வருவேன்னு தெனம் உன் ஏனத்த எட்த்தாறேன் சார்." கூடைக்கு அடியிலிருந்து ஒரு தூக்கை எடுத்தாள். நீல ஒயர். உள்ளே நாலு சங்கரா மீனை அள்ளிப் போட்டு என் கையில் திணித்தாள். "வெறும் ஏனத்தையா குடுப்பாங்க? புடி."

போகியன்று மத்தியானம் நான் தொழிற்சாலையில் இருந்தேன். ஆடிட்டர்கள் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள், எழுந்திருக்கவே விடவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். மேல்தட்டு காலியாக இருந்தது.

"அத நீங்கதானே எடுத்துட்டுப் போனீங்க?" என்றாள் ஸ்டெல்லா. "போகியன்னிக்கு ஆபீஸ் போன மனுஷன் பாதியில திரும்பி வந்து, பூண்டுக் கஞ்சி வைன்னீங்க. யாருக்குன்னேன். ஒரு அம்மா சாப்பிடாம உக்காந்திருக்காங்கன்னீங்க."

"நானா?"

"விளையாடாதீங்க. ஹெல்மெட்டக்கூட கழட்டி கையில வச்சிருந்தீங்க."

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் கஞ்சியோடு ஆஸ்பத்திரிக்கு நானே போகிறேன். பக்தி என்று நினைத்துவிடாதீர்கள், நான் போகாத நாளில் என் முகத்தோடு யார் போவார் என்ற பயம். ஆனால் யாராவது ஒரு தாயோ தகப்பனோ என் பக்கத்தில் அசந்து தூங்கும்போது, நான் விழித்திருக்கும்போது, டெட்டால் வாசனை உறைப்பதில்லை. ஜெபமும் வருகிறது.

போன சனிக்கிழமை பெருங்களத்தூர் சிக்னலில் நின்றிருந்தேன், தூக்கு வண்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வண்டிக்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கினார். அவரேதான். சத்தியமாக அவரேதான். நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார்" என்றார். "இந்தத் தூக்கு உங்களுக்கு எங்க கெடைச்சுது? அந்த ஒயர் நான் கட்டினது. போன மழையில எங்க வீட்லேர்ந்து காணாமப் போச்சு."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் கண்ணில் என்னை முன்பு பார்த்த அடையாளமே இல்லை.