புகை போகும் வழியில் ஒரு பிளெக்ஸ்

சங்கரன்கோவிலில் சித்தப்பா கட்டிய கல்யாண மண்டபத்தின் அடித்தள பார்க்கிங்கில் காற்று எப்படி ஓடும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துச் சொன்னவள் நான். ஒரு கார் தீப்பிடித்தால் புகை முழுவதும் படிக்கட்டு வழியாகப் பந்திக்கே வந்துவிடும் என்று தெரிந்தது. நம்பாமல் நான்கு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, ரோட்டுப் பக்கச் சுவரில் பெரிய திறப்பும் புகையை வெளியே தள்ளும் விசிறியும் வைக்கச் சொன்னேன். வைத்தார்கள்.

முதல் விசேஷம் என் மகளின் காதுகுத்து. போய் இறங்கினால், அந்தத் திறப்பை முழுவதும் மூடிக்கொண்டு மகள் சிரிக்கிறாள். தாய்மாமன் வைத்த பிளெக்ஸ்.

“ஏலே, அது புகை போற வழி,” என்றேன் தம்பியிடம்.

“புகை இன்னைக்கு ஒருநாள் லீவு போடட்டும்க்கா. ரோட்டுல போறவன் பிள்ளைய பாக்க வேண்டாமா?”

மழைக்குப் பயந்து சமையல்காரர் அடுப்பைக் கார்களுக்கு நடுவில் இறக்கியிருந்தார். படியில் புகை ஏறத் தொடங்கியிருந்தது, மேலே மகள். என் கணக்கில் கார் மட்டும்தான் எரிந்தது, சாம்பார் கொதிக்கவில்லை. படித்தவளாம்.

சமையல்காரரின் கத்தியையே வாங்கி பிளெக்ஸைக் கிழித்தேன்.

“ஏட்டி, பெத்த பிள்ள முகத்தையா கிழிக்க?” என்றாள் அம்மா.

விசிறியைப் போட்டேன். சொந்தக்காரர்கள் மூச்சு முட்டாமல் சாப்பிட்டார்கள்; மகள் படத்தைக் கிழித்த தாயைப் பற்றி நல்ல காற்றோட்டத்தில் பேசிக்கொண்டார்கள்.