குண்டு இல்லை, ஃபர்னஸ்தான்

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது கும்மிடிப்பூண்டியில் அணுகுண்டு விழுந்தது. விழுந்துவிட்டதாக எங்கள் தெருவுக்கு அறிவித்தவள் நான்தான்.

அடைமழை விட்டு வெயில் தலைகாட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா காலை ஷிஃப்டுக்குப் போயிருந்தார். பழைய இரும்பை உருக்கும் உலையில், ஃபர்னஸில், அவருக்கும் தெருவில் பாதி ஆண்களுக்கும் வேலை. நானும் அம்மாவும் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தோம். தொழிற்பேட்டைப் பக்கம் தொம்மென்று ஒரு சத்தம். திரும்பினால், பனைமரங்களுக்கு மேலே சாம்பல் நிறக் காளான் ஒன்று குடையை விரித்துக்கொண்டு எழும்பியது. பாடப்புத்தகத்தில் பார்த்த அதே படம். வாளியைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினேன். நாலு வீட்டில் சேதி சொன்னேன். பெண்கள் சிரித்தார்கள். உலகம் அழியப்போகிறது, இவர்களுக்குச் சிரிப்பா என்று கோபமாக வந்தது. நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் மறுபடி மாடிக்கே ஏறினேன்.

அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த மாமா, அம்மாவின் தம்பி, கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்.

"குண்டாவது ஒண்ணாவது. பெருஞ்சூடு ஒரே மூச்சுல கெளம்புனா இப்டித்தான் வரும். நடுவுல சூடு மேல ஏறும், ஓரம் ஆறிப்போயி கீழ சுருளும். அடியில கெடக்குற தூசிய எல்லாம் உறிஞ்சி இழுத்துக்கினு போவும், அதான் தண்டு. எவனோ ஈர இரும்ப ஃபர்னஸ்ல போட்டிருப்பான்."

"அது எந்தக் கம்பெனிப் பக்கம்டா?" என்றாள் அம்மா.

மாமா சட்டையை மாட்டாமலே இறங்கிப்போனார். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது.

மழைக்காலத்தில் இரும்பைக் காயவைத்துத்தான் உலையில் போடவேண்டும், ஒரு கை தண்ணீர் போதும் வெடிப்பதற்கு என்று அப்பா சோற்றுக்கு முன் உட்கார்ந்து எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டிருக்கிறேன். எனக்குப் போன உயிர் திரும்பி வந்திருந்தது. துள்ளிக் குதித்துத் தெருவுக்கு ஓடி, "குண்டு இல்ல, ஃபர்னஸ்தான்" என்று வீடு வீடாகச் சொன்னேன். முன்பு சிரித்த பெண்கள் இப்போது சிரிக்கவில்லை. ஒவ்வொருத்தியாக வாசலுக்கு வந்து வெயிலில் நின்றார்கள்.

வெகுநேரம் கழித்து அப்பா மாமாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தார். இரண்டு புருவமும் கருகியிருந்தன. 

"பாத்தியாம்மா, ஃபர்னஸ்தான்னு நான் சொன்னேன்ல" என்றேன்.

முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். நல்ல சேதி சொன்னதற்கு எதற்கு அடி என்று அன்று முழுக்கத் தேம்பிக்கொண்டிருந்தேன்.