அருவிக்கரையில் திருத்திய பக்கம்

அட்மிஷன் நேரத்தில் ஒருநாள், கேரளத்துப் புனலூர்ப் பக்கமிருந்து ஒரு அம்மாவும் மகளும் எங்கள் பயிற்சி நிலையத்தைத் தேடி வந்தார்கள். இரண்டு பேர் கையிலும் ஆளுக்கொரு செருப்புப் பெட்டி இருந்தது.

"நிங்களோட அட்ரஸ்ல செருப்புக் கடையல்லே இருக்கு?" என்றார் அந்த அம்மா, மூச்சு வாங்கிக்கொண்டே.

எங்களுடையது பெண்களுக்கான மழலையர் ஆசிரியர் பயிற்சி நிலையம். ஆரம்பத்தில் தென்காசி பஜாரில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது. குத்துக்கல்வலசையில் சொந்தக் கட்டடம் கட்டி வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனால் இந்தியா முழுவதும் உள்ள இந்த மாதிரி நிலையங்கள் உறுப்பினர்களாக இருக்கும் ஒரு கூட்டமைப்பின் இணையதளத்தில் நாங்கள் இன்னும் பஜாரிலேயேதான் குடியிருந்தோம். எங்களுக்கென்று இருந்த பக்கத்தில் பழைய முகவரி, பழைய போன் நம்பர், ஒரு பழைய போட்டோ. அந்தப் போட்டோவில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு 'ஆடித் தள்ளுபடி' என்ற பேனர் தொங்கியது. அதற்கு மேலே, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் எங்கள் போர்டு.

அதை நம்பி வந்தவர்களுக்குக் கடைக்கார அண்ணாச்சி வழி சொல்லியிருக்கிறார். சொல்வதற்கு முன் இரண்டு ஜோடியும் விற்றிருக்கிறார்.

அந்தப் பெண்ணை அன்றைக்கே சேர்த்துக்கொண்டோம். அவர்கள் வாசல்படி இறங்கியதும் பிரின்சிபால் மேடம் என்னைக் கூப்பிட்டார். அதிகம் பேசாதவர், சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"டீச்சர், படிக்க வந்த பிள்ள செருப்பு வாங்கிட்டு வருதா. இது நல்லாவா இருக்கு? இன்னைக்குள்ள அந்தப் பக்கத்த மாத்திருங்க."

நான் குழந்தை உளவியல் நடத்துகிறவள். ஒருமுறை ஆபீஸ் பிரிண்டரை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன், அது ஓடிவிட்டது. அன்றிலிருந்து கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாம் என் தலையில். சரி மேடம் என்று சொல்லிவிட்டு, துணைக்கு என் சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் அறையில் உட்கார்ந்தேன். அவள் இலஞ்சிக்காரி, பாட்டும் விளையாட்டும் சொல்லிக்கொடுக்கிற டீச்சர். எந்த விஷயத்துக்கும் முதலில் சிரித்துவிட்டுத்தான் என்னவென்று கேட்பாள்.

உள்ளே நுழையப் பாஸ்வேர்டு கேட்டது. அது எங்கள் யாருக்கும் தெரியாது. பக்கத்தை உருவாக்கியவள் எங்களோடு வேலைபார்த்த கம்ப்யூட்டர் டீச்சர். வடகரையில் வயல்காட்டுக் குடும்பம். அண்ணன் பட்டாளத்தில், சித்தப்பா போலீஸில். அவளும் பரீட்சை எழுதிப் போலீஸில் சேர்ந்து போய்விட்டாள். போன் போட்டேன். எடுத்ததும் விசில் சத்தம். அதற்குப் பின்னால் மழையா லாரியா என்று தெரியாத ஓர் இரைச்சல்.

"ஏட்டி, மெயின் அருவில சீசன் டூட்டி பாக்கேன். சத்தமா சொல்லு!"

"கூட்டமைப்பு வெப்சைட் பாஸ்வேர்டு என்னட்டி?"

"டிரெய்னிங்ல ஓட விட்ட ஓட்டத்துல அதெல்லாம் எங்கன ஞாபகம் இருக்கு? மறந்துபோச்சுன்னு அமுக்கு. என் நம்பருக்கு ஓடிபி வரும், சொல்லுதேன்!"

அமுக்கினோம். ஓடிபி அவளுக்குப் போனது. ஈரக் கையால் மெசேஜ் தட்ட முடியாமல் அவள் எண்களைக் கத்திச் சொன்னாள். போனை ஸ்பீக்கரில் போட்டு என் சிநேகிதி இங்கிருந்து கத்தினாள்.

"எட்டா ஏழா?"

"ஏழு! ஏழு!"

"எட்டா?"

"ஏ...ழு!"

பக்கத்து அறையில் மாணவிகள் எண்களை ராகமாகச் சொல்லிக்கொடுக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் ஏதோ புது முறை காட்டுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். "எட்டா, ஏழா? ஏழா, எட்டா?" என்று அவர்களும் கைதட்டி ஆரம்பித்துவிட்டார்கள். அதோடு என் சிநேகிதிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டது. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அதற்குள் ஓடிபியின் நேரம் முடிந்துபோனது. மறுபடி ஒன்று, அதற்கு மேல் ஒன்று. கடைசியில் அந்த இணையதளத்துக்கே அலுத்துவிட்டது. நிறைய தடவை முயற்சி செய்துவிட்டீர்கள், சற்று நேரம் கழித்து வாருங்கள் என்றது.

மேடத்திடம் போய் நின்றோம்.

"நேர்ல போயி வாங்கினாத்தான் மேடம் முடியும். சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

மேடம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "போயிட்டு வாங்க" என்றார்.

வேலை நேரத்தில், சம்பளத்தோடு, சீசனில், குற்றாலத்துக்கு. வாசல்படி இறங்கும்வரை முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டோம். அவளுடைய ஸ்கூட்டர் கேட்டைத் தாண்டியதும் இரண்டு பேரும் கூவினோம். பக்கத்துக் காலி மனையில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் கலைந்து ஓடின.

இலஞ்சியைத் தாண்டும்போது சாரல் பிடித்தது. குடை இருந்தது, விரிக்கவில்லை. மலை முழுக்க மேகம் இறங்கிக் கிடந்தது. முன்னால் உட்கார்ந்து ஓட்டியவளின் துப்பட்டா என் முகத்தில் சளக் சளக்கென்று அடித்தது. எனக்கு நாற்பது வயதாகிறது என்பதும், பெரிய மகனுக்குச் சாயங்காலம் டியூஷன் இருக்கிறது என்பதும் அந்த நேரத்தில் நினைவில் இல்லவே இல்லை.

அருவியில் நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். பெண்கள் பக்கம் ஈரத் தலைகளுக்கு நடுவே காக்கி உடுப்பில் ஒருத்தி விசில் ஊதிக்கொண்டு நின்றாள். ஒல்லியாக, பேசினாலே கூச்சப்படுகிறவளாக எங்களிடம் இருந்தவள்தானா இது என்று நின்று பார்த்தோம். எங்களை அவள் பார்த்த பார்வையில் அடையாளம் எதுவும் இல்லை.

"ஏம்மா, அந்த ரெண்டு பேரும்! வரிசைல வாங்க! நடுவுல நுழையாதிய!"

"நாங்க குளிக்க வரல மேடம். ஓடிபி வாங்க வந்திருக்கோம்" என்றாள் என் சிநேகிதி.

விசில் அவள் வாயிலிருந்து நழுவியது. "ஏட்டி! நீங்களாட்டி!" என்று ஓடி வந்து இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். வரிசையில் நின்ற பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வரிசை மீறினால் இங்கே கட்டிப்பிடிப்பார்கள் போல என்று ஒரு பாட்டியம்மா சொன்னது கேட்டது.

அவளை மாற்றிவிட வேறொரு போலீஸ் வரும்வரை ஓரமாகக் காத்திருந்தோம். அவள் வந்ததும் இவள் எங்களைக் கடைவீதிப் பக்கம் ஒரு பஜ்ஜிக் கடைக்கு இழுத்துப் போனாள். அங்கே சிக்னலும் நன்றாகக் கிடைக்குமாம், அருவி இரைச்சலும் குறைவாம். கடைக்கார அண்ணாச்சி பெஞ்சைத் துடைத்துக் கொடுத்தார். வாழைக்காய் பஜ்ஜியும் டீயும் வந்தன. கழுத்தில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து அவள் போனை எடுத்தாள். நான் என் போனில் மறந்துபோச்சு என்பதை அமுக்கினேன். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் திரையைப் பார்த்தோம்.

டிங் என்றது.

"ஏழு!" என்றாள் அவள், எடுத்த எடுப்பில். அவ்வளவுதான், மூன்று பேருக்கும் மறுபடி சிரிப்பு. மிச்ச எண்களைச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடுமோ என்று எனக்குப் பயம். ஒருவழியாகத் தட்டினேன். கதவு திறந்தது. காக்கி உடுப்போடு அவள் இருந்த இடத்திலேயே ஒரு குதி குதித்தாள். தலையில் துண்டோடு போன ஒரு குடும்பம், என்னமோ ஏதோ என்று வேகமாக நடந்தது.

முகவரியை மாற்றினோம். போன் நம்பரை மாற்றினோம். வசதிகள் என்ற இடத்தில் ஒரு நீளப் பட்டியல் வந்தது: நூலகம், விடுதி, நீச்சல் குளம்.

"நீச்சல் குளம் இருக்குன்னு போடு. பின்னால பாரு, எவ்வளவு தண்ணி!" என்றாள் போலீஸ்காரி.

"பொய் சொல்லலாமாட்டி, உடுப்புல இருந்துகிட்டு?"

"அப்ப நூலகம் மட்டும் போடு. அதும் ஒரு பீரோதான்."

அடுத்தது, உங்கள் நிறுவனத்தின் சிறப்பு. இரண்டு வரிதான் எழுத இடம். நான் பெரிய வார்த்தைகளாக யோசித்தேன். அர்ப்பணிப்பு, முழுமையான வளர்ச்சி என்று. என் சிநேகிதி பஜ்ஜியை மென்றுகொண்டே, "மாடியில இருந்தப்ப நம்ம பிள்ளைகள் தவளைப் பாட்டுக்குக் குதிக்கும்லா, கீழ கடைல செருப்புப் பெட்டியெல்லாம் பொலபொலன்னு விழுமே" என்றாள். செருப்புக் கடை அண்ணாச்சி ஒட்டடைக் கம்பால் சீலிங்கைக் குத்துவார். நாங்கள் குதிப்பதை நிறுத்துவோம். அவர் பெட்டிகளை அடுக்கி முடித்ததும் மறுபடி குதிப்போம். கட்டடம் கட்டும் யோசனையே மேடத்துக்கு அதிலிருந்துதான் வந்தது.

"அதையே எழுது" என்றார்கள் இருவரும். எழுதினேன். 'எங்கள் மாணவிகள் குழந்தைகளோடு சேர்ந்து குதித்தபடியே கற்றுக்கொடுப்பார்கள். அதற்காகவே மாடி இல்லாமல் கட்டடம் கட்டினோம்.' பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை. படித்துப் பார்த்தபோது எனக்கே எங்கள் நிலையத்தில் சேர வேண்டும் போலிருந்தது.

நடுவில் பஜ்ஜிக் கடை அண்ணாச்சி, "டீச்சர், மூணு பேரும் சிரிக்கிறது ரொம்ப நல்லாருக்கு, ஒரு போட்டோ எடுக்கட்டா?" என்று கேட்டு என் போனிலேயே எடுத்துக் கொடுத்தார். பிறகு புதுக் கட்டடத்தின் படத்தை ஏற்றப் போனேன். திரையில் சாரல் துளி. தொட்டால் ஒன்று, திறந்தால் இன்னொன்று. துடைத்துத் துடைத்து ஒன்றை அமுக்கினேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. போலீஸ்காரிக்கு டூட்டிக்கு நேரமாகிவிட்டது. தொப்பியை மாட்டிக்கொண்டு ஓடினாள். வட்டம் நின்று, சேமிக்கப்பட்டது என்று வந்தபோது நாங்கள் இருவரும் டீ கிளாஸை முட்டிக்கொண்டோம்.

மறுநாள் காலையில் ஆபீஸ் போன் ஓயவில்லை. முதலில் செங்கோட்டையிலிருந்து ஓர் அப்பா.

"உங்ககிட்ட டீச்சர் டிரெய்னிங்கோட போலீஸ் டிரெய்னிங்கும் உண்டா? என் மக ரெண்டுக்கும் ஆசைப்படுதா."

போனைக் கையில் பிடித்தபடியே பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கட்டடம் இருக்க வேண்டிய இடத்தில் நாங்கள் மூவரும் இருந்தோம். நடுவில் காக்கி உடுப்பு. இரண்டு பக்கமும் நனைந்து தலைமுடி ஒட்டிப்போன நாங்கள். என் சிநேகிதியின் வாயில் பாதி பஜ்ஜி. கீழே எங்கள் நிலையத்தின் பெயர், சரியான முகவரியோடு.

மாற்றலாம் என்று கை வைப்பதற்குள் மேடம் கூப்பிட்டுவிட்டார். இரண்டு பேரும் போய் நின்றோம். அவர் போனை எங்கள் பக்கம் திருப்பினார்.

"இது யாரு?"

"நாங்கதான் மேடம்."

"நடுவுல?"

"நம்ம பழைய கம்ப்யூட்டர் டீச்சர் மேடம். ஸ்க்ரீன் நனைஞ்சு, படம் மாறிப்போச்சு. இப்பவே மாத்திருதேன்."

மேடம் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு பஜ்ஜி வாயைப் பார்த்தார். அவருடைய தோள் லேசாகக் குலுங்கியது. இருமல் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்கப் போனேன். இருமல் இல்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மேடம் சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஜன்னலுக்கு வெளியே மாணவிகள் கூடிவிட்டார்கள்.

"என்னைய விட்டுட்டுப் போயிருக்கீங்களே" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அன்றைக்கே கட்டடத்தின் படத்தை ஏற்றினேன், உலர்ந்த விரலால். குதிப்பதைப் பற்றிய அந்த இரண்டு வரியை மாற்ற வேண்டாம் என்று மேடமே சொல்லிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அருவிக்குப் போவது என்றும் முடிவானது. மேடம், நாங்கள், மாணவிகள், வேனில் அடைத்துக்கொண்டு போனோம். பாதி வழியிலேயே வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. போய்ச் சேர்ந்தால், வெள்ளம் வருகிறது, குளிக்கத் தடை என்று கயிறு கட்டிவிட்டார்கள். ஐந்தருவியிலும் அப்படித்தான் என்றார்கள். மாணவிகள் முகம் தொங்கிப்போயிற்று. ஆனால் அருவி இருந்த இருப்பு! பாறையே தெரியாமல், வெள்ளையும் செம்மண்ணுமாக மலையே சரிந்து இறங்குகிற மாதிரி. புகையாகப் பறந்த சாரலிலேயே எல்லாரும் நனைந்துவிட்டோம்.

"இங்கன நின்னு ஒரு போட்டோ எடுப்போம்" என்று மேடம் கயிற்றின் அருகே போனார். இன்னும் கொஞ்சம் அருவி தெரியட்டும் என்று ஓர் அடி. பிறகு இன்னோர் அடி.

விசில் வீறிட்டது. "ஏம்மா, கயித்துக்கு இந்தப் பக்கம் வாங்க!"

மேடம் சட்டென்று பின்னால் வந்து, "சரிங்க மேடம்!" என்றார்.

அதற்குப் பிறகுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். போலீஸ்காரிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒருகாலத்தில் லீவு கேட்க மேடத்தின் அறை வாசலில் மணிக்கணக்காகத் தயங்கி நின்றவள். என்ன செய்வதென்று தெரியாமல் விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தாள். மேடமும் கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். என் சிநேகிதி அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்துவிட்டாள்.

இப்போது மேடத்தின் வாட்ஸப் முகப்பில் அந்தப் படம்தான். பெற்றோர்கள் சிலர், மேடம் முன்னால் போலீஸில் இருந்தவரா என்று எங்களிடம் மெதுவாகக் கேட்கிறார்கள். இல்லை என்று நாங்கள் இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை.