எந்த ரவை நல்ல ரவை?

போன மாதம் ஒரு சனிக்கிழமை. அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. அமெரிக்காவிலிருந்து என் தங்கை வாசுகியின் போன்.

“அக்கா, எந்த ரவை வாங்கிறது நல்லம்?”

“வறுத்த ரவையாப் பாத்து வாங்கு பிள்ளை. அதுதான் கட்டிபடாது,” என்றேன்.

அவள் மெதுவாகச் சொன்னாள்.

“அக்கா... நான் துவக்குக்குப் போடுற ரவையைக் கேக்கிறன்.”

துப்பாக்கிக் குண்டா? அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தேன்.

வாசுகி டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு வெளியே ஒரு பெட்ரோல் நிலையமும் அதோடு ஒட்டிய கடையும் நடத்துகிறாள். கணவர் மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. விடிவதற்கு முன்பே தனியாகப் போய்க் கடை திறக்கிறவள். அண்மையில் அதே வீதியில் இன்னொரு கடைக்குள் இரண்டு பேர் புகுந்து, கடைக்காரரை அடித்துப் போட்டுவிட்டுக் கல்லாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு வாசுகியின் வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் ஒரே பேச்சு – ஒரு கைத்துப்பாக்கி வாங்கு. அங்கே அது கார் வாங்குவதைவிடச் சுலபமாம். வாங்கிவிட்டாள்.

“ரவைதான் அக்கா பிரச்சினை. கடையில ராக்கைத் தட்டு முழுக்கப் பெட்டி. ஒவ்வொரு பெட்டியிலயும் ஒவ்வொரு மாதிரிப் புளுகி எழுதியிருக்கு. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை.”

அதை ஏன் லண்டனில் இருக்கும் என்னிடம் கேட்க வேண்டும்? எனக்கென்ன தெரியும்? ஆனால் பாவாடைக்கு என்ன நிறம், எந்தப் பாடம் எடுப்பது, இந்த மாப்பிள்ளைக்கு ஓம் சொல்வதா – எல்லாவற்றையும் என்னிடம் கேட்டே வளர்ந்தவள். இதை மட்டும் வேறு யாரிடம் கேட்பாள்?

லண்டனில் நாங்கள் இருக்கும் ஸ்ட்ரெதத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ரெஜ். ஓய்வுபெற்ற பல் வைத்தியர். ஒரு காலத்தில் துப்பாக்கி கிளப் ஒன்றில் இலக்கு வைத்துச் சுட்டுப் பழகியவர். இந்த நாட்டில் கைத்துப்பாக்கிக்குத் தடை வந்தபோது தன்னுடையதைப் பொலிஸில் ஒப்படைத்தவர். அவர் கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தேநீருக்குக் கேத்திலில் தண்ணீர் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“எந்தக் கம்பெனி என்பது இரண்டாவது கேள்வி,” என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். “உங்கள் தங்கையின் துப்பாக்கிக்குள் சிக்காமல் ஏறுகிறதா, ஒவ்வொரு தடவையும் வெடிக்கிறதா – அதுதான் முதல் கேள்வி. பழகுவதற்கு மலிவானது போதும். ஆனால் உயிரைக் காக்க வைத்திருப்பதை, அதே துப்பாக்கியில் நிறையச் சுட்டுப் பார்க்காமல் நம்பக் கூடாது.”

பிறகு முனையில் குழி உள்ள குண்டைப் பற்றிச் சொன்னார். அது உடலுக்குள் விரிந்து அங்கேயே நின்றுவிடுமாம். துளைத்துக்கொண்டு வெளியே போய்ப் பின்னால் நிற்கும் அப்பாவியைக் கொல்லும் ஆபத்துக் குறைவாம். ஆனால் அந்த முனை சில துப்பாக்கிகளில் சிக்குமாம். சர்க்கரை போடவா என்று கேட்கிற அதே குரலில் சொன்னார். இதைக் கருணை என்பதா, வேறென்ன என்பது?

தேநீர் முடிந்த பிறகும் ரெஜ் எழும்பவில்லை. “சனிக்கிழமைகளில் நாங்கள் நாலைந்து பேர் கிளப்புக்குப் போவோம். சுட்டுவிட்டு மத்தியானச் சாப்பாடும் சேர்ந்துதான்,” என்றார். “துப்பாக்கி போனதும் அவர்களும் வருவதை விட்டுவிட்டார்கள்.”

இன்னொரு கோப்பை தேநீர் குடித்துவிட்டு வந்தேன்.

அவர் சொன்னதை வாசுகிக்குச் சொன்னேன். அடுத்த ஞாயிறு, விம்பிள்டன் கோயிலுக்குப் போய்விட்டு வந்து சேலை மாற்ற முன்னரே போன். சுடும் பயிற்சிக்கூடத்தின் வாசலில் நின்று பேசினாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ சுட்டார்கள்.

ஊரில் யுத்த காலத்தில் பழகிய என் உடம்பு என்னைக் கேட்காமலே குனிந்தது. லண்டனில், என் சொந்த வரவேற்பறையில்.

“கேட்டதோ அக்கா?”

“கேட்டது. நான் மேசைக்குக் கீழ நிக்கிறன்.”

“நானும் முதல் வெடிக்குக் குந்திட்டன். பக்கத்தில நிண்ட வெள்ளைக்காரன், ஏதும் விழுந்திட்டுதோ எண்டு தேடித் தர வந்தவன்.”

இரண்டு பேரும் சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். இந்த உலகத்தில் அந்தச் சிரிப்பை அவளோடு சிரிக்க வேறு யார் இருக்கிறார்கள்?

துப்பாக்கிக் கடைக்காரன் புகழ்ந்த பெட்டியின் ரவை திரும்பத் திரும்பச் சிக்கியதாம். வேறொன்று ஒருமுறைகூடச் சிக்கவில்லை. கைக்கும் பெரிய உதைப்பு இல்லை. அதையே வாங்கிவிட்டாள்.

“பிறகென்ன? இனிப் பயமில்லைத்தானே,” என்றேன்.

“போகுமெண்டுதான் நினைச்சன். போகேல்லை அக்கா. நீ ஒருக்கா வந்திட்டுப் போவன்.”

கடைசியாக அவளைப் பார்த்தது அவள் கணவரின் செத்தவீட்டில். அதன் பிறகு என் கணவருக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வாரத்தில் மூன்று நாள் டூட்டிங் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். என்னால் போக முடியாது. கடையைப் பூட்டினால் அவளால் கடன் கட்ட முடியாது. இரண்டும் இருவருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டாள்... தெரிந்தும் நான், “பாப்பம் பிள்ளை,” என்றேன்.

போனை வைத்த பிறகு அவள் கையை நினைத்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் வீதி கடக்கும்போது என் சுண்டுவிரலை மட்டும் பிடிக்கிற கை. அந்தக் கைக்கு எந்தக் குண்டு உதைக்காது என்று யோசிக்கும் நிலை ஏன் வந்தது?

அடுத்த நாள் அவள் கடை திறக்கும் நேரம் பார்த்து நானே போன் எடுத்தேன். எங்களுக்கு மத்தியானம், அவளுக்கு இன்னும் விடியவில்லை.

“என்னக்கா, ஏதும் அவசரமோ?”

“ஒண்டுமில்லை. சத்தமாக் கேக்கிற மாதிரிப் போட்டிட்டு, போனைக் கவுண்டரில வை. நீ உன்ர வேலையைப் பார்.”

அன்றிலிருந்து தினமும் இதுதான். பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. அவளுடைய கோப்பி மெஷின் இரைவது எனக்குக் கேட்கும். நான் கடுகு தாளிப்பது அவளுக்குக் கேட்கும். ஆஸ்பத்திரி நாட்களில் வெளி நடையில் மொபைலைக் காதில் வைத்தபடி நிற்பேன். வெளிச்சம் வந்து, முதல் வாடிக்கையாளர் வந்து, “குட் மார்னிங், சிஸ்டர்” என்று லண்டனுக்கும் ஒரு வணக்கம் சொன்ன பிறகுதான் வைப்போம்.

இத்தனை தூரத்தில் இருந்துகொண்டு நான் யாரைத் தடுக்கப் போகிறேன்? ஒருவனையும் தடுக்க மாட்டேன். ஆனாலும் பயம் கொஞ்சம் குறைந்திருப்பதாகச் சொல்கிறாள்.

துப்பாக்கி கவுண்டருக்குக் கீழே இருக்கிறது. நான் மேலே இருக்கிறேன்.