பிட்டர் வரதப்பன் அவர்கள் கழற்றாத பம்பு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை கடத்தூரில் என் சைக்கிள் கடையில் ஒரு டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, தர்மபுரியில் மோட்டார்ப் பட்டறை நடத்திய பிட்டர் வரதப்பன் அவர்களின் மைத்துனர் வந்து நின்றார். பிட்டர் விடியற்காலையில் காலமாகிவிட்டார் என்றார். ஒரு சிறிய தகர டப்பாவை நீட்டி, "உங்க கையிலயே குடுக்கச் சொல்லி ரெண்டு நாளா சொல்லிக்கிட்டே இருந்தாருங்க" என்றார். நான் அழவில்லை. டப்பாவைத் திறக்கவும் இல்லை. சைக்கிள் கேரியரில் செருகிக்கொண்டு தர்மபுரிக்குக் கிளம்பினேன். அவர் போனது உண்மைதானா என்று கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது.

செத்தவரைப் பழிக்கக் கூடாது என்பார்கள். மோட்டார்த் தொழிலாளர்கள் போடும் அஞ்சலி மலருக்கு நீயும் எழுது என்று என்னைக் கேட்டவர்களும் அதையே சொன்னார்கள். உள்ளதைத்தான் எழுதுவேன் என்றேன். சரி என்றார்கள். இனி அவர்கள் பாடு.

முதலில் அவருடைய கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன், அதையும் மறைத்தால் எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? யுத்தத்துக்கு முன் நான் இண்டூர்ப் பக்கத்தில் ஜமீன்தார்போல் நிலபுலம் வைத்திருந்த மிட்டாதார் ஒருவருக்குக் கார் ஓட்டினேன். ஒரு சித்திரை வெயிலில் தொப்பூர்க் கணவாய் ஏற்றத்தில் கார் நின்றுவிட்டது. சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்த பிட்டர் அவர்கள் இறங்கி வந்தார். பெட்ரோலை டாங்கியிலிருந்து எஞ்சினுக்கு இழுத்துக் கொடுக்கும் பம்பைத் தொட்டுப் பார்த்தார். தம் மேல்துண்டை நனைத்து அதன்மேல் போட்டார். "பம்புக்குள்ள பெட்ரோல் ஆவியாப் போச்சு. சூடு எறங்கட்டும்" என்றார். கால் மணி நேரத்தில் வண்டி கிளம்பியது. அன்று நானே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அந்த ஈரத்துண்டுதான் அவரைக் கெடுத்தது. அன்றுமுதல் எந்த வண்டி திணறினாலும் ஈரத்துண்டு. மார்கழிக் குளிரில் நின்ற லாரிக்கும் ஈரத்துண்டு! பேதிக்கும் பிரசவத்துக்கும் ஒரே கஷாயம் கொடுக்கும் வைத்தியர்போல ஆகிவிட்டார். ஆனால் ஒரு நல்ல பழக்கம் இருந்தது: எந்த வண்டியிலிருந்து எந்தச் சாமானைக் கழற்றினாலும், அதன்மேல் வண்டி எண்ணையும் மாதத்தையும் ஊசியால் கீறி எடுத்து வைப்பார். அதில் மட்டும் அவர் ஒருநாளும் தவறியதில்லை.

யுத்தம் வந்தது, பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. அந்தச் சமயத்தில்தான் மிட்டாதார் கார் எஞ்சினுக்கு, ஆயிலை வீணாய் எரியவிடாமல் தடுக்கும் ரிங்கைப் பிட்டர் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். அதன்பின் ஒரு அதிசயம் நடந்தது. எஞ்சின் ஆயில் குறையவே இல்லை. அளவுக் கம்பியை உருவிப் பார்த்தால் ஆயில் இருந்த இடத்திலேயே நின்றது, சில நாள் கொஞ்சம் ஏறியும் இருந்தது. ஆயிலுக்கும் பஞ்சமான காலம். "நம்ம கை போட்ட ரிங்குங்க, ஒரு சொட்டு குடிக்காது" என்று பிட்டர் கடைவீதியெல்லாம் பெருமையடித்தார். நானும் சேர்ந்து பல்லிளித்தேன். ஆயில் குறையாமல் இருக்கலாம். தானாக எப்படி ஏறும் என்று இரண்டு மடையர்களுக்கும் தோன்றவில்லை.

பெட்ரோல்தான் அடுத்த ரேஷன் கூப்பன் வரை எட்டாமல் தீர்ந்துகொண்டே வந்தது. மேட்டில் வண்டி இருமியது. ஒருநாள் காலையில் அளவுக் கம்பியை விரலால் துடைத்து மோந்தேன். ஆயிலில் பெட்ரோல் வாடை. பம்புக்குள் எண்ணெய்த் துணியாலான வட்டம் ஒன்று மேலும் கீழும் அடித்துப் பெட்ரோலை இழுக்கும், டயாப்ரம் என்போம். அது கிழிந்தால் பெட்ரோல் எஞ்சினின் அடிச்சட்டிக்குள் இறங்கி ஆயிலோடு கலந்துவிடும். பம்பைக் கழற்றிப் பாருங்கள் என்று பிட்டரிடம் ஓடினேன். கழற்றினால் ரிங்கின் பெருமை என்னாவது? எனக்கு மூக்கு இல்லையா என்று சீறிவிட்டு, பம்பின்மேல் ஈரத்துண்டைப் போட்டு அனுப்பினார்.

அந்த வாரமே மிட்டாதார் எங்கள் இருவரையும் அழைத்து, பெட்ரோல் எங்கே போகிறது என்று கேட்டார். பிட்டர் அவர்கள் சொன்ன வார்த்தை இது:

"பம்பு கல்லாட்டம் இருக்குதுங்க சாமி. பெட்ரோல் தானா எங்கியும் போவாதுங்க. யாராச்சும் எடுத்தாத்தான் போவும்."

"ஆயில ஒருதரம் மோந்து பாருங்க சாமி" என்று நான் கெஞ்சினேன். அவர் மோந்து பார்க்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டார்.

பெட்ரோல் திருடன் என்ற பெயர் எனக்கு முன்னே பஸ் ஏறிப் போயிற்று. அரூரிலும் சரி, கடத்தூரிலும் சரி, ஒருவரும் எனக்கு வண்டி கொடுக்கவில்லை. சந்தையில் புளிமூட்டை தூக்கினேன். என் மனைவி தண்ணீருக்குப் போனால் 'பெட்ரோல்காரி வர்றா' என்று சொல்லிச் சிரித்தார்கள். அவள் ஊர்க்கிணற்றை விட்டு, அரைமைல் தள்ளித் தோட்டத்துக் கிணற்றுக்குப் போகத் தொடங்கினாள். வருஷக்கணக்காக அங்கேதான் போனாள்.

இரண்டு மாதம் கழித்துத் தீர்த்தமலைக்குப் போகும் வழியில் அந்தக் காரின் பேரிங் உருகிவிட்டது. பெட்ரோல் கலந்து ஆயில் தண்ணீராகியிருந்தால் உருகாமல் என்ன செய்யும்? கண்மண் தெரியாமல் ஓட்டினான் என்று புதிய டிரைவர்மேல் பழி போட்டார் பிட்டர். அந்த டிரைவர்தான் என்னிடம் வந்து சொன்னார்: பம்பைக் கழற்றியதையும், கிழிந்த துணியைப் பிட்டர் மடியில் செருகிக்கொண்டதையும் பார்த்தாராம். நான் பட்டறைக்குப் போனேன். மிட்டாதாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், வேறு எதுவும் வேண்டாம் என்றேன். அவர் ஸ்பானரைத் துடைத்தபடியே சொன்னார்:

"சொன்னா எம் பேரு போயிரும், முனுசாமி. நீ வயசுப் பையன். உனக்கு வேற பேரு கெடைக்கும்."

கிடைக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, இத்தனை வருஷம் அவர் நிம்மதியாகத் தின்றார்.

செவ்வாய்க்கிழமை சுடுகாட்டில் எல்லா டிரைவர்களும் நின்றார்கள். மிட்டாதாரும் வந்திருந்தார். "இவர் வாயில ஒருநாளும் பொய் வந்ததில்ல" என்று அவர் சொன்னார். அந்த டப்பாவைச் சிதையில் வீசிவிடலாமென்று எடுத்தேன். கை தானாக மூடியைத் திறந்தது.

உள்ளே உள்ளங்கை அகலத் துணிவட்டம். ஓரத்தில் ஓர் அங்குலக் கிழிசல். நடுவிலிருந்த பித்தளை வில்லையில், அவர் கையால் ஊசிகொண்டு கீறிய வண்டி எண், பேரிங் உருகிய மாதம்.

மிட்டாதார் கையில் கொடுத்தேன். வில்லையைப் படித்தார். துணியை வெயிலில் தூக்கிப் பிடித்தார், கிழிசல் வழியாக வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. அன்று மோந்து பார்க்காத மனிதர் மெதுவாக அதை மூக்கருகே கொண்டுபோனார். இப்போது என்ன வாடை இருக்கும்? "முனுசாமி..." என்றார். சுற்றி நின்ற டிரைவர்கள் துணியை ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தார்கள்.

மன்னித்துவிட்டேன் என்று முடித்தால் மலருக்கு நன்றாக இருக்குமாம். எழுதமாட்டேன். வாய் இருந்தபோது சொல்லாமல், வாய்க்கரிசி போட்டபின் டப்பாவைப் பேச வைத்தவர் அவர். கேட்க வேண்டியவள் சுடுகாட்டுக்கு வரவில்லை. அந்தத் துணியை வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் அவள் கையில் வைத்தேன். கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு ஊர்க்கிணற்றுப் பக்கம் நடந்தாள்.

போய்ச் சேருங்கள், பிட்டர் அவர்களே. பெட்ரோல் தானாகத்தான் போயிற்று.