கை தூக்கியவர்கள் சுமந்த தண்ணீர்

எழுபதுகளின் கடைசியில் ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளில் பிள்ளைகளுக்கு ஓயாத வயிற்றோட்டம். சுகாதார ஐயா வந்து, லயத்தடியிலேயே ஓடையிலிருந்து விழும் பீலியில் நாங்கள் குடித்துவந்த தண்ணீரைக் குப்பியில் பிடித்துப் போனார். சோதித்துவிட்டுத் திரும்பி வந்தவர், "இதுல கிருமி இருக்கு, மேமலை ஊத்துத் தண்ணிதான் நல்லது" என்றார்.

அன்று சாயங்காலமே கோயிலடியில் கூட்டம். ஆம்பிளைகள் உட்கார்ந்து கை தூக்குவார்கள். பொம்பளைகள் நாங்கள் பின்னால் நின்று பார்ப்போம், அதுதான் வழக்கம். பீலியை மூடிவிட்டு ஊற்றுக்குப் போகலாமா என்று தலைவர் கேட்டதும் முதலில் கை தூக்கியவர் என் அண்ணன். அடேயப்பா, என்ன வேகம்! வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்த மனுசன் இல்லை அவர். என் பக்கத்தில் மதினி, நிறைமாதம், இடுப்பைப் பிடித்தபடி நிற்கிறாள். ஊற்றுக்கு வழியெல்லாம் வழுக்குப் பாறை. விடியலில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு முந்தி அவள்தான் ஏறி இறங்க வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஐயா, அந்தக் குப்பியில என்னென்ன தெரியுதுங்க?" என்று கத்தினேன்.

"கிருமி தெரியுதும்மா."

"யாரு தூக்கிட்டு வரணும்னு தெரியுதுங்களா?"

ஐயா சிரித்துவிட்டார். "அத நான் சொல்ல முடியாதும்மா. நீங்க எல்லாருமா பேசித்தான் முடிவெடுக்கணும்."

எல்லாரும் என்று அவரே சொல்லிவிட்டாரே, விடுவோமா? தண்ணீர் கெட்டதுதான், பீலியை மூடுங்கள், ஆனால் கை தூக்கினவர்கள்தான் குடமும் தூக்க வேண்டும் என்றோம். தலைவர் இழுத்தார்.

"அப்ப நாளைக்கு லயத்துல தேத்தண்ணி கெடையாது!" என்றாள் மதினி.

தலைவர் மறுபடி கை தூக்கச் சொன்னார். அன்றுதான் முதல் தடவையாக நாங்களும் கை தூக்கினோம்.

மறுநாள் காலையில் பார்க்க வேண்டுமே அந்தக் கூத்தை! பாதித் தண்ணீர் பாறையில், மீதி இடுப்புச் சாரத்தில். அண்ணன் முனகிக்கொண்டே வந்தார். அந்த வாரமே ஆம்பிளைகள் ஒன்றுசேர்ந்து குழாய் கேட்டுத் தோட்டத்தை நடத்தும் தொரையிடம் போனார்கள். நாங்கள் வருசக்கணக்காகக் கேட்டபோது, "பொறுங்க, பாப்போம்" என்றவர்களும் இவர்கள்தான்.

குழாய் வருமுன்பே மதினிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. ஊற்றுத் தண்ணீரைக் காய்ச்சி முதல் குளிப்பு. அண்ணன் வாசலில் குடத்தை இறக்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இன்னொரு குடம் வேண்டும் என்றாள் மருத்துவிச்சி.

"யாரு போறது? கை தூக்குங்க பாப்போம்" என்றாள் மதினி, படுத்தபடியே.

அண்ணன் கையைத் தூக்கிவிட்டு, வெறுங்குடத்தோடு மறுபடி மலை ஏறினார்.